ஒன்றரைச் சதுர மீட்டர் ஆக்கிரமிப்பு

சென்ற காலாண்டு அலுவலக மலரில் நிர்வாகப் பிரிவு நண்பர் எழுதிய பேஸ்மென்ட் பார்க்கிங் கட்டுரையில் யார் பெயரும் இல்லை. ஊழியர் ஒருவர், அளவு மீறிய சைக்கிள் ஒன்று என்று நாகரிகமாக நிறுத்திக்கொண்டார். இந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு சைக்கிள்தான் இருக்கிறது. அதை ஓட்டுவது நான்தான். ஆகவே மறைத்துப் பேச அவசியமில்லை. பெயர் சொல்லியே திட்டியிருக்கலாம். இரண்டு வரி மிச்சமாகியிருக்கும்.

அந்தச் சைக்கிளைப் பார்க்காதவர்களுக்காக: பழைய இருபத்தெட்டு இன்ச் சைக்கிள் ஒன்றை வாங்கி, அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்துப் பின்பக்கத்தை நீட்டி வெல்டிங் வைத்தது. பின்சக்கரம் தள்ளிப்போய்விட்டதால் கேரியர் ஒரு சின்ன பெஞ்சு நீளம் இருக்கும். அதில் என் ஐந்து வயது மகள், அவள் பை, என் லேப்டாப், மாலையில் காய்கறி. இந்த வடிவம் என் கண்டுபிடிப்பு இல்லை. நிகராகுவாவில் மக்கள் சைக்கிளில் சுமை ஏற்றப் படும் பாட்டைப் பார்த்த ஓர் அமெரிக்க இளைஞர் 1990களில் இதைச் செய்து, எக்ஸ்ட்ராசைக்கிள் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். நீளம் 2.3 மீட்டர். ஹேண்டில்பாரின் அகலம் 64 சென்டிமீட்டர். இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் கட்டுரையில் அளவு என்ற சொல் பல இடங்களில் வருகிறது. ஓர் எண்கூட வரவில்லை.

தப்பு, ஓர் எண் வருகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன். தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஒரு சைக்கிளுக்கு ஒரு சதுர மீட்டர் ஒதுக்குகிறது, இந்தச் சைக்கிளோ அதைத் தாண்டுகிறது, எனவே இது விதிமீறல் என்கிறார். விதித்தொகுப்பைப் புரட்டியதற்குப் பாராட்டு. அந்த வரியை முழுக்கப் படித்திருந்தால் இன்னும் பாராட்டியிருப்பேன். கட்டடம் கட்டுபவர் நிறுத்துமிடம் விடும்போது காருக்கு 13 சதுர மீட்டருக்கும், ஸ்கூட்டருக்கு 1.25 சதுர மீட்டருக்கும், சைக்கிளுக்கு 1 சதுர மீட்டருக்கும் குறையக் கூடாது என்பதுதான் விதி. கஞ்சத்தனம் பண்ணாதே என்று கட்டுபவருக்குப் போட்ட கட்டளை அது. சைக்கிள் வைத்திருப்பவருக்குப் போட்ட கைவிலங்கு இல்லை. கீழ்வரம்பை மேல்வரம்பாகப் படித்து, அதைக் கொண்டு ஓர் ஊழியர்மேல் விதிமீறல் முத்திரை குத்துவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

சரி, அவர் படித்தபடியே படிப்போம். என் சைக்கிள் அடைக்கும் இடம் 2.3 பெருக்கல் 0.64, ஏறத்தாழ ஒன்றரைச் சதுர மீட்டர். அரைச் சதுர மீட்டர் ஆக்கிரமிப்பு, ஒப்புக்கொள்கிறேன். அடுத்த வரிசைக்கு வாருங்கள். அங்கே நிற்கும் கிளாசிக் 350 புல்லட்டின் நீளம் 2,145 மில்லிமீட்டர், அகலம் 785. பெருக்கினால் 1.68. ஸ்கூட்டர் கணக்கான 1.25ஐ அது தாண்டுவது மட்டுமில்லை, என் சைக்கிளையே தாண்டுகிறது. எடை 195 கிலோ. நகர்த்த இரண்டு பேர் வேண்டும். அதற்கும் பக்கத்தில் வரிசையாக நிற்கும் ஆக்டிவாக்கள்? 1,833 பெருக்கல் 697. ஏறத்தாழ 1.28. ஆக, நண்பரின் சட்டப்படி இந்த பேஸ்மென்டில் உள்ள ஒவ்வோர் ஆக்டிவாவும் விதிமீறல். அவருடைய மனைவியின் ஆக்டிவாவும் அங்கேதான் நிற்கிறது. அதற்கு எப்போது நோட்டீஸ் ஒட்டப் போகிறார் என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறது.

இத்தனை வண்டிகளுக்கு நடுவில் என்னுடையது மட்டும் ஏன் கண்ணை உறுத்துகிறது? நீளமாகத் தெரிவதால். பரப்பை யாரும் கண்ணால் அளப்பதில்லை. புல்லட் தடியாக இருக்கிறது, அது பழகிய தடி. சைக்கிள் என்றால் இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று மனதில் ஒரு சட்டகம் இருக்கிறது. அதில் அடங்காத சைக்கிள் திமிராகத் தெரிகிறது. இரண்டாவது மாடி நண்பர்கள் அதற்கு மீன்பாடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரில் எனக்கு வருத்தமில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கட்டுரையின் நடுவில் தீ வருகிறது. வெளிநாடுகளில் பேட்டரி சைக்கிள்கள் தீப்பிடித்து எரிகின்றன, அடித்தளத்தில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று கவலைப்படுகிறார். கவலை நியாயமானது. தரமற்ற லித்தியம் பேட்டரிகள் வீடுகளில் தீ மூட்டியது உண்மை, உயிர்கள் போயிருக்கின்றன. ஆனால் ஐயா, என் சைக்கிளில் பேட்டரி எங்கே இருக்கிறது? மோட்டார் எங்கே இருக்கிறது? மணியும் டைனமோவும்தான் அதில் உள்ள மொத்த இயந்திர நுட்பம். அதே பேஸ்மென்டில் மின் ஸ்கூட்டர்களுக்குச் சார்ஜ் ஏற்றும் பிளக்குகள் வரிசையாக இருக்கின்றன. அதை ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தவர் யார் என்று கேட்பவர்கள், அவருடைய கட்டுரை வந்த அதே மலரின் பின்னட்டையைப் பார்க்கலாம். படம் நன்றாக வந்திருக்கிறது. பேட்டரி உள்ள வண்டிக்கு விழா, பேட்டரி இல்லாத வண்டிக்குத் தீ எச்சரிக்கை. மேலே பெட்ரோல் நிரப்பிய டேங்குகளோடு ஒரு தளமே நிற்கிறதே, அதைப் பற்றி ஒரு வரி உண்டா என்று தேடினேன். இல்லை.

அவசரக் காலத்தில் ஆட்கள் ஓடும் வழியை மறிக்கிறது என்பதும் அந்தப் பத்தியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. படிக்கட்டிலோ வழியிலோ நின்றால் சைக்கிள் என்ன, பூச்சாடியையும் தூக்கத்தான் வேண்டும். என் சைக்கிள் நிற்பது தூணுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள மூலையில். தூண் இருப்பதால் அங்கே கார் திரும்பாது. கார் திரும்பாததால் கட்டடம் திறந்த நாளிலிருந்து அங்கே உடைந்த நாற்காலிகள் கிடந்தன. நாற்காலிகள் கிடந்தவரை யாருக்கும் ஓடும் வழி நினைவுக்கு வரவில்லை.

அடுத்தது எல்லா அலுவலகங்களிலும் எல்லா நிர்வாகிகளும் கையில் வைத்திருக்கும் ஆயுதம்: ஒருவருக்கு அனுமதித்தால் நாளைக்கு எல்லாரும் கொண்டுவருவார்கள். இதைப் படித்தபோதுதான் நண்பர் என் பக்கம் பேசுகிறாரோ என்று சந்தேகம் வந்தது. கொண்டுவரட்டுமே! தமிழ்நாட்டில் கார் நிறுத்தும் ஒரு கட்டம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். என் சைக்கிளை அதில் குறுக்காக நிறுத்தினால் 2.3 மீட்டர் வால் வெளியே நீளாது. ஐந்து மீட்டர் நீளத்தில், ஒவ்வொன்றுக்கும் ஒரு மீட்டர் விட்டு, இடித்துக்கொள்ளாமல் ஐந்து சைக்கிள்கள் நிற்கும். அதாவது ஒருவர் தனியாக வந்து இறங்கும் ஒரு கார் போன இடத்தில் ஐந்து பேர், குழந்தைகளோடு. எல்லாரும் கொண்டுவந்தால் இடம் போதாது என்ற வாதம் எந்த வாகனத்துக்குப் பொருந்தும் என்பதை இரண்டாம் வகுப்புப் பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தவர் சொல்லிவிடலாம். இந்த அலுவலகத்தில் எல்லாரும் கார் கொண்டுவந்தால் என்ன ஆகும்? ஆகாது. அதனால்தான் பதவி எட்டாம் படிக்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும் கார்க் கட்டம் என்று விதி இருக்கிறது. எல்லாரும் செய்தால் தாங்காத காரியத்தைச் சிலருக்கு மட்டும் அனுமதித்து, அதற்குச் சலுகை என்று பெயர் வைத்திருக்கிறோம். எல்லாரும் செய்தாலும் தாங்கக்கூடிய காரியத்துக்கு மட்டும் முன்னுதாரணப் பயம்.

இனி கட்டுரையின் மையத்துக்கு வருவோம். சைக்கிளில் வருவது என் சொந்த விருப்பம், அந்த விருப்பத்தின் சுமையை நிறுவனம் ஏன் சுமக்க வேண்டும் என்கிறார். இந்த ஒரு வாதம்தான் அவர் கட்டுரையில் உண்மையிலேயே வாதம். மற்றவை எல்லாம் அதைச் சுற்றிப் போட்ட பந்தல். ஆகவே இதற்குக் கொஞ்சம் அதிகமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கார் யாருடைய விருப்பம்? நிறுவனம் கட்டளையிட்டு யாரும் கார் வாங்கவில்லை. 2.5க்கு 5 என்பது 134 சதுர அடி. கார் உள்ளே வந்து வளைந்து போகும் பாதையைச் சேர்க்காமலே இவ்வளவு. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் இதைவிடச் சிறிய அறைகளில் இரண்டு பேர் வாடகைப் பங்கு போட்டுக்கொண்டு சம்பாதித்து ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். அந்த 134 சதுர அடியை நாம் பெயர்ப்பலகை மாட்டி ஒருவருக்கு மாதம் முழுக்க இலவசமாகக் கொடுக்கிறோம். அவர் வெளியூர் போனால் காலியாக இருக்கும்; காவலர் அதில் யாரையும் விடமாட்டார். இந்தக் கட்டடத்தின் வாடகை யார் உழைப்பிலிருந்து போகிறது? பஸ்ஸில் வருபவர், ஷேர் ஆட்டோவில் வருபவர், வேளச்சேரிவரை பறக்கும் ரயிலில் வந்து அங்கிருந்து தொங்கிக்கொண்டு வருபவர் எல்லாருடைய உழைப்பிலிருந்தும்தான். கார் வைத்திராதவர் கார் வைத்திருப்பவருக்கு நிறுத்துமிட வாடகை கட்டும் ஏற்பாடு இது.

இதை நான் முதலில் சொல்லவில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷூப், இலவச நிறுத்துமிடத்தின் விலை என்ன என்பதற்கே 2005இல் தலையணை தடிமனில் ஒரு புத்தகம் எழுதினார். இலவசம் என்று ஒன்று இல்லை, காருக்கான செலவு காரோட்டியின் கையிலிருந்து நழுவி அரிசி விலையிலும் வீட்டு வாடகையிலும் சம்பளத்திலும் கரைந்துவிடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். அவருடைய ஆய்வை ஒட்டி 1992இலேயே கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தான் வாடகைக்கு எடுத்த நிறுத்துமிடத்தை ஊழியருக்கு இலவசமாகக் கொடுத்தால், அது வேண்டாம் என்று சொல்லும் ஊழியருக்கு அதற்கு ஈடான பணத்தைத் தர முன்வர வேண்டும். கார் நாகரிகத்தின் தலைமையகத்தில் நடந்த கதை இது. சைக்கிள் பித்தர்களின் ஊரில் இல்லை. அந்தச் சட்டப்படி பார்த்தால் நான் நிறுவனத்துக்குச் சுமை இல்லை. நிறுவனம் எனக்குக் கடன்பட்டிருக்கிறது. வசூலிக்க வரமாட்டேன், பயப்பட வேண்டாம். மூலையில் கிடந்த நாற்காலிகளின் இடம் போதும்.

இந்தியாவிலும் எழுதிவைத்திருக்கிறோம். 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலையிடத்தை வாகனங்களை மையமாக வைத்துப் பிரிக்காமல் மனிதர்களை மையமாக வைத்துப் பிரிக்கச் சொல்கிறது. சென்னை மாநகராட்சி 2014இல் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குமென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. கொள்கை எந்தளவு தெருவுக்கு இறங்கியது என்று கேட்காதீர்கள். நானும் தினமும் அந்தத் தெருவில்தான் வருகிறேன்.

நண்பர் ஒரு மாற்று வழியும் சொல்லியிருக்கிறார். சைக்கிளை வளாகத்துக்கு வெளியே, மதிலோரமாக, டீக்கடைப் பக்கத்தில் நிறுத்தலாமாம். அங்கே இருப்பது நடைபாதை. பொது இடத்தை ஒருவர் அடைக்கக் கூடாது என்று இரண்டு பக்கம் உபதேசித்துவிட்டு, மூன்றாம் பக்கத்தில் பொதுமக்கள் நடக்கும் இடத்தில் கொண்டுபோய்ச் சைக்கிளைச் சாத்தச் சொல்கிறார். அவருக்குப் பொது இடம் என்றால் நம் பேஸ்மென்ட். நடைபாதை யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு.

குழந்தையைப் பற்றி அவர் எழுதியதைத் தவிர்த்துவிட்டுப் போகத்தான் நினைத்தேன். ஆனால் அதை அக்கறை என்ற தொனியில் எழுதியிருப்பதால் விட மனமில்லை. இந்தப் போக்குவரத்தில் குழந்தையைச் சைக்கிளில் ஏற்றி வருவது பொறுப்பற்ற தாய்மை என்று சொல்லாமல் சொல்கிறார். என் மகள் ஹெல்மெட் போட்டு, பின்னால் கைப்பிடி உள்ள இருக்கையில் உட்கார்ந்து, சர்வீஸ் சாலையில் மெதுவாக வருகிறாள். அதே பள்ளி வாசலில் ஸ்கூட்டரின் முன்பக்கம் நின்றுகொண்டு, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, தலையில் ஒன்றும் இல்லாமல் இறங்கும் குழந்தைகளை நண்பர் பார்த்ததில்லையா? நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை மோட்டார் சைக்கிளில் ஏற்றினால் ஹெல்மெட்டும் ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2022இல் விதி வந்து 2023 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதை எத்தனை அப்பாக்கள் கடைப்பிடிக்கிறார்கள் என்று ஒரு காலை வாசலில் நின்று பாருங்கள். அப்பாக்கள் பொறுப்பற்றவர்கள் என்று எந்த மலரிலும் கட்டுரை வரவில்லை. சாலை ஆபத்தானதுதான். அதை ஆபத்தாக்குவது 30 கிலோ சைக்கிளா, ஒன்றரை டன் இரும்பில் போனைப் பார்த்தபடி ஒருவர் வருவதா?

புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே பெண்கள் வாங்கினார்கள். சிலர் அதைத்தான் விரும்பினார்கள். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் உள்ள கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதால். பின்னால் தண்ணீர்க் குடம், முன்னால் பிள்ளை. அன்றும் கேலி பேசினவர்கள் இருந்தார்கள், ஒழுக்கம் வரை இழுத்துப் பேசினவர்களும் இருந்தார்கள். நண்பர் எழுதியது புதிய கட்டுரை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கடைசியாக அவருடைய பிரம்மாஸ்திரம்: இது டென்மார்க் இல்லை. டென்மார்க்கில் முன்பக்கம் தொட்டி வைத்த நீளச் சைக்கிள்கள் 1930களிலேயே சரக்கு ஏற்றி ஓடின என்பது உண்மை. கோபன்ஹேகனில் அம்மாக்கள் பெட்டியில் பிள்ளைகளைப் போட்டுக்கொண்டு போவதும் உண்மை. ஆனால் சுமைச் சைக்கிளை நமக்கு டேனிஷ்காரர்கள் வந்து காட்ட வேண்டுமா? காசிமேட்டுத் துறைமுகத்திலிருந்து மீன் கூடைகளும் ஐஸ் கட்டிகளும் எதில் போயின? முன்னால் இரண்டு சக்கரமும் பலகையும், பின்னால் ஒரு சக்கரமும் மிதிப்பவரும் உள்ள அந்த வண்டிக்கு இந்த ஊர் வைத்த பெயர்தான் மீன்பாடி. பால்கேன், கேஸ் சிலிண்டர், இளநீர்க் குலை, டீ டிரம் என்று இந்த நகரத்தின் பாதிப் பொருள்கள் சைக்கிளின் முதுகில்தான் வீடு வந்து சேர்ந்தன. என் வண்டிக்கு அந்தப் பெயரை வைத்த இரண்டாவது மாடி நண்பர்களுக்கு நன்றி. சரியான குலத்தில்தான் சேர்த்திருக்கிறீர்கள்.

ஆனால் அந்தப் பெயரில் கேலி எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நண்பர் கட்டுரையின் கடைசிப் பத்தியில் வாய்தவறி வந்துவிட்டது: வாடிக்கையாளர்கள் வரும் கட்டடத்தில் இப்படி ஒரு வண்டி நிற்பது நிறுவனத்தின் தோற்றத்துக்கு அழகில்லையாம். இதை முதல் பத்தியிலேயே எழுதியிருந்தால் விதித்தொகுப்பு, தீயணைப்பு, டென்மார்க் எதுவும் தேவைப்பட்டிருக்காது. இந்த வளாகத்தில் சைக்கிள்கள் எப்போதும் இருந்திருக்கின்றன. காவலர்களின் சைக்கிள்கள், ஹவுஸ்கீப்பிங் அக்காக்களின் சைக்கிள்கள், கேன்டீன் பையன்களின் சைக்கிள்கள். எல்லாம் பின்பக்கம் ஜெனரேட்டர் அறைச் சுவரில் சாய்ந்து கிடக்கின்றன. அவற்றுக்குக் கட்டம் இல்லை, கூரை இல்லை, விதித்தொகுப்பும் இல்லை. அவை இத்தனை ஆண்டுகளாக எத்தனை சதுர மீட்டர் அடைத்தன என்று யாரும் அளக்கவில்லை. சைக்கிள் அங்கே இருக்கும்வரை அது வண்டியே இல்லை. அடையாள அட்டை மாட்டிய ஒருத்தி அதை முன்பக்கம் கொண்டுவந்து, லிஃப்ட்டில் அதே ஆட்களோடு மேலே போனதும்தான் அது பிரச்சினையானது. நீளம் ஒரு சாக்கு. என் சைக்கிள் அரை மீட்டர் குட்டையாக இருந்திருந்தால் நண்பர் மணியின் சத்தத்தைப் பற்றி எழுதியிருப்பார்.

நிர்வாகத்துக்கு என் கோரிக்கைகளையும் இங்கேயே வைத்துவிடுகிறேன், தனி மனு எழுதும் வேலை மிச்சம். தூண் மூலையில் ஒரு மஞ்சள் கோடு போடுங்கள். வால் அதைத் தாண்டி நின்றால் தாராளமாகப் பூட்டுப் போடுங்கள். பெயர்ப்பலகை மாட்டிய கட்டங்களில் வெளியூர் போனவர்களுடையதை அன்றைக்கு வருபவருக்குத் திறந்துவிடுங்கள். பார்வையாளருக்கென்று ஒதுக்கி, பெரும்பாலும் காலியாகக் கிடக்கும் இரண்டு கட்டங்களில் ஒன்றைச் சைக்கிளுக்கு மாற்றுங்கள்; தரையில் இரும்பு வளையம் நாலு பதித்தால் போதும், செலவு நண்பரின் ரிப்பன் விழாவைவிடக் குறைவு. அங்கே முதலில் வரவேண்டியது என் சைக்கிள் இல்லை. ஜெனரேட்டர் அறைப் பக்கம் மழையில் நனைந்து செயின் துருப்பிடித்துக் கிடக்கும் அந்தச் சைக்கிள்களை முதலில் உள்ளே விடுங்கள். காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு வருபவர்களுடையவை அவை. நம் எல்லாரையும்விட முன்னால் வந்தவர்கள்.